மழைத்தண்ணி எங்கே போகணும்? வளாக வடிகால் திட்டமிட ஒரு பாடம்



கோவில் கட்டடக் குழுவாக இருந்தாலும் சரி, மண்டபக் குழுவாக இருந்தாலும் சரி, கூட்டத்தில் ஒரு பேச்சு கட்டாயம் வரும். "காலி இடம் முழுக்க சிமெண்ட் போட்டுடலாம் ஐயா. சேறு இருக்காது, கூட்டிப் பெருக்க சுலபம், திருவிழாவுக்குக் காரும் நிறுத்திக்கலாம்." எல்லாரும் தலையாட்டுவோம். நன்கொடையாளர் ஒருவர் முன்வருவார். இரண்டே வாரத்தில் வேலை முடிந்துவிடும். மழைத்தண்ணி எங்கே போகும் என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. கேட்டாலும், "லொங்காங் இருக்கே!" என்பதுதான் பதிலாக வரும்.

இந்தப் பாடம் அந்த லொங்காங்கைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், தண்ணி லொங்காங்குக்குப் போவதற்கு முன்னால் நம் வளாகத்துக்குள் நாம் என்ன செய்யலாம் என்பதைப் பற்றியது. பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இதில் சில விஷயம் தெரிந்திருக்கும். மற்றவர்கள் பயப்பட வேண்டாம். பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

முதலில் கணக்கு

ஒரு விஷயத்தை மனசில் பதிய வையுங்கள். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர் தண்ணி. இதை வைத்தே பாதிக் கணக்கைப் போட்டுவிடலாம்.

நம் பாடத்துக்காக ஒரு வளாகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். நீளம் 50 மீட்டர், அகலம் 40 மீட்டர். மொத்தம் 2,000 சதுர மீட்டர், ஏறக்குறைய அரை ஏக்கர். நம் நாட்டில் பல தாமான்களில் இருக்கிற கோவில் நிலமும் மண்டப நிலமும் இந்த அளவுதான் இருக்கும்.

நம்ம ஊர் மழை ஊரில் உள்ள மற்ற மழை மாதிரி கிடையாது. கோலாலம்பூர், கிள்ளான் பக்கம் மத்தியானம் மூன்று மணிக்கு வானம் கறுத்து, நாலு மணிக்குக் கொட்டி, ஐந்து மணிக்கு வெயில் அடிக்கும். மொத்தம் பெய்தது கொஞ்ச நேரம்தான், ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் பெய்யும் வேகம்தான் வெள்ளத்தைக் கொண்டுவருகிறது. பலமான இடிமழையில் பத்து நிமிடத்துக்கு, மணிக்கு 200 மில்லிமீட்டர் என்ற வேகத்தில் பெய்வதாக வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்தில் 33 மில்லிமீட்டர். நம் வளாகத்தின்மேல் விழுவது 33 பெருக்கல் 2,000. ஏறக்குறைய 67,000 லிட்டர். பத்தே நிமிடத்தில்!

இதில் எவ்வளவு வெளியே ஓடும்? அது தரையைப் பொறுத்தது. புல்லும் மரமுமாக இருக்கிற நிலம் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும், ஒரு பகுதியைப் பள்ளங்களில் பிடித்து வைத்துக்கொள்ளும். நூற்றுக்கு 40 பங்கு வெளியே ஓடும் என்று வைத்தால், 27,000 லிட்டர். கூரை, சிமெண்ட், தார் போட்ட நிலமாக இருந்தால் நூற்றுக்கு 90 பங்கு ஓடிவிடும். அதாவது 60,000 லிட்டர்.

இப்போ இதைப் பத்து நிமிடத்தால், அதாவது 600 விநாடியால் வகுத்துப் பாருங்கள். புல் நிலமாக இருந்தபோது விநாடிக்கு 44 லிட்டர். சிமெண்ட் போட்ட பிறகு விநாடிக்கு 100 லிட்டர்.

வாசலில் இருக்கிற லொங்காங் எவ்வளவு தாங்கும்? ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழம் கொண்ட காங்கிரீட் லொங்காங், 200 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவில் இருந்தால், விளிம்பு வரை நிரம்பி ஓடினாலும் விநாடிக்குச் சுமார் 90 லிட்டர்தான் கொண்டுபோகும். அதுவும் குப்பை இல்லாமல் சுத்தமாக இருந்தால். நேற்று வரை பாதி நிரம்பி ஓடிய லொங்காங்கை, நம் ஒரு வளாகமே இன்று நிரப்பித் தெருவில் தள்ளிவிடுகிறது. அதே லொங்காங்கில் பக்கத்து வீடுகளின் தண்ணியும் வர வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. கோவில் மேட்டில் இருந்தால், தண்ணி நுழைவது நம் மண்டபத்தில் இல்லை, கீழ் வரிசை வீட்டுக் கூடத்தில். அவங்க சோபாவும் பிள்ளைகளின் புத்தகப் பையும் நனையும். அவங்க நம் கோவிலுக்கு வருகிறவர்களா, வேறு சமயத்தவர்களா என்று தண்ணி பார்ப்பதில்லை.

"அண்ணே, லொங்காங்கைப் பெருசாக்கிட்டா போதாதா?"

இந்தக் கேள்வி நியாயமானது. நம் நாடே பல வருஷம் இப்படித்தான் யோசித்தது. 1971 ஜனவரியில் கோலாலம்பூரில் பெரிய வெள்ளம் வந்தது. கிள்ளான் ஆறும் கொம்பாக் ஆறும் கூடுகிற இடத்தில் உருவான நகரம் அது. பிறகு 1975-இல் நீர்ப்பாசன வடிகால் துறை, நாம் ஜே.பி.எஸ். என்று சொல்வோமே அந்தத் துறை, நகர வடிகாலுக்கான விதிமுறை ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் அடிப்படை எண்ணம், விழுந்த தண்ணியைச் சீக்கிரம் வெளியேற்று என்பதுதான். நேரான, ஆழமான காங்கிரீட் கால்வாய்கள் எல்லா ஊரிலும் வந்தன.

அது தப்பான எண்ணம் என்று சொல்ல மாட்டேன். ஒரு தெருவுக்கு அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் எல்லாத் தெருவும் எல்லாத் தாமானும் ஒரே நேரத்தில் தண்ணியை வேகமாகக் கீழே அனுப்பினால், கீழே இருக்கிறவன் கதி என்ன? மேலே வெள்ளத்தைத் தீர்த்து, கீழே வெள்ளத்தை உண்டாக்கினோம். ஆற்றின் கரை உயர்த்தப்பட்டது, பிறகு அதுவும் போதவில்லை. 2007-இல் திறக்கப்பட்ட கோலாலம்பூரின் ஸ்மார்ட் சுரங்கம் 9.7 கிலோமீட்டர் நீளம். அதோடு சேர்ந்த குளங்களையும் கணக்கில் எடுத்தால் 30 லட்சம் கன மீட்டர் தண்ணியைப் பிடித்து வைக்கும். கார் ஓடுகிற சுரங்கத்திலேயே வெள்ளத்தையும் விடுகிற அந்த ஏற்பாடு உலகமே பார்த்து வியந்த வேலை. ஆனால் யோசித்துப் பாருங்கள், அது செய்வது என்ன? தண்ணியைத் தடுத்துத் தேக்கி, மெதுவாக விடுகிறது. ஒவ்வொரு வளாகமும் தன் பங்குக்குச் சின்ன அளவில் செய்திருக்க வேண்டிய அதே வேலை.

இதைத்தான் ஜே.பி.எஸ். 2001 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த புதிய கையேடு சொன்னது. மலாயில் மெஸ்ரா ஆலாம், அதாவது இயற்கைக்கு இணக்கமான வடிகால் கையேடு. சுருக்கமாக மஸ்மா. இதன் இரண்டாம் பதிப்பு 2012-இல் வந்தது. அதன் சாரம் ஒன்றுதான். மழை விழுந்த இடத்திலேயே அதைக் கவனி. நிலத்தை மேம்படுத்திய பிறகு வெளியே போகிற உச்ச வேகம், மேம்படுத்துவதற்கு முன்னால் இருந்ததைவிட அதிகமாகக் கூடாது.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. பினாங்கில் நிபோங் தெபால் பக்கம் இருக்கிற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்துக்குப் போனால் கண்ணால் பார்க்கலாம். 2003-இல் அங்கே அமைத்த ஏற்பாட்டில் காங்கிரீட் லொங்காங்குக்குப் பதிலாகப் புல் வாய்க்கால்கள், அதன் அடியில் தண்ணி புகுந்து போகும் கூடுகள், மழை நேரத்தில் மட்டும் நிரம்பும் வறண்ட குளங்கள், கடைசியில் செடிகள் வளர்ந்த ஈரநிலம் என்று தண்ணி நிதானமாகப் போகிறது. அங்கே படிக்கிற நம் பிள்ளைகள் பலர் தினமும் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறார்கள். புல்வெளி என்று நினைத்துக்கொண்டு!

சிங்கப்பூர் நண்பர்களுக்கும் இதே பாடம் வேறு வழியில் வந்தது. 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் சாலை மூழ்கியது நினைவிருக்கும். நிலத்தடிக் கால்வாயின் இரண்டு வழிகளில் ஒன்றைக் குப்பை அடைத்துக்கொண்டது ஒரு காரணம் என்று அப்போது விளக்கம் சொன்னார்கள். பிறகு 2018-இல் தாவரவியல் பூங்காவுக்குப் பக்கத்தில் 38,000 கன மீட்டர் பிடிக்கும் நிலத்தடித் தொட்டி ஒன்று கட்டி முடிக்கப்பட்டது. 2014 முதல் அங்கே 0.2 ஹெக்டர், அதாவது நம் கற்பனை வளாகம் அளவுக்கோ அதற்கு மேலோ உள்ள புதிய கட்டுமானங்கள், தங்கள் நிலத்திலேயே தண்ணியைத் தேக்கி மெதுவாக விட வேண்டும் என்பது விதி. பீஷான் – அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் காங்கிரீட் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து ஓடும் ஆறாகவே 2012-இல் மாற்றிவிட்டார்கள்.

நம் வளாகத்துக்கு வருவோம்

வரைபடத்தில் பென்சில் வைப்பதற்கு முன்னால் குடை எடுத்துக்கொண்டு மழையில் நடங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். அளவை வரைபடம் மேடு பள்ளம் காட்டும், ஆனால் பின் சுவரில் இருக்கிற ஓட்டை வழியாக மேல் நிலத்துத் தண்ணி நம் வளாகத்துக்குள் வருவதைக் காட்டாது. எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே வெளியேறுகிறது என்று மூன்றையும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிளை உறுப்பினர் நாலு பேர் போதும். இடி மின்னல் இருந்தால் மட்டும் காத்திருங்கள்.

பிறகு மட்டம் பார்க்க வேண்டும். அளவையாளர் வருவதற்கு முன்பே ஓரளவு தெரிந்துகொள்ள, கொத்தனார்கள் பயன்படுத்துகிற தண்ணிக் குழாய் மட்டமே போதும். கண்ணாடி மாதிரித் தெரியும் ரப்பர் குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணி நிரப்பி, இரண்டு முனையையும் இரண்டு குச்சியில் பிடித்தால், தண்ணி இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒவ்வொரு குச்சியிலும் தரையிலிருந்து தண்ணி வரை அளந்தால், இரண்டு இடத்துக்கும் உள்ள வித்தியாசம் கிடைத்துவிடும். பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி என்று எடுத்து ஒரு தாளில் குறியுங்கள். மிகத் தாழ்ந்த மூலை எது என்று தெரிந்தால் பாதித் திட்டம் முடிந்த மாதிரி.

மண்ணையும் சோதிக்க வேண்டும். ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, முதலில் ஒருமுறை தண்ணி ஊற்றி ஊற விட்டு, பிறகு மறுபடி நிரப்பி எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை என்றால் அது களிமண். உறிஞ்சு குழி அங்கே வேலை செய்யாது. கடலோரம் பக்கம் பல இடங்களில் இப்படித்தான் இருக்கும். அங்கே தேக்கி மெதுவாக விடுவதுதான் வழி.

இப்போ திட்டம். 2,000 சதுர மீட்டரில் 800 சதுர மீட்டரைப் புல்லாகவே விட்டுவிடுங்கள். மீதி 1,200-இல் கூரை, நடைபாதை, வாகனம் நிறுத்தும் இடம். கணக்கை மறுபடி போடுங்கள். 67,000 லிட்டரில் வெளியே ஓடுவது இப்போ ஏறக்குறைய 47,000. முன்பு இயற்கையாக ஓடியது 27,000. வித்தியாசம் 20,000 லிட்டர். இந்த 20,000 லிட்டரை நாம் பிடித்து வைத்து, மழை குறைந்த பிறகு விட வேண்டும். முழுக்க சிமெண்ட் போட்டிருந்தால் 33,000 லிட்டர் பிடிக்க வேண்டியிருக்கும். ஆக, சிமெண்ட் போடாமல் விட்ட ஒவ்வொரு சதுர மீட்டரும் நமக்குப் பணம் மிச்சம். செலவே இல்லாத வடிகால் எது என்றால், வெட்டாமல் விட்ட புல்தான்.

20,000 லிட்டர் என்றதும் பெரிய நிலத்தடித் தொட்டி வேண்டும் என்று நினைக்காதீர்கள். 10 மீட்டருக்கு 8 மீட்டர் புல்தரையை, சுற்றுப்புறத்தைவிடக் கால் மீட்டர் தாழ்வாக அமைத்தால் முடிந்தது. 80 பெருக்கல் கால், 20 கன மீட்டர். மழை இல்லாத நாளில் அது பிள்ளைகள் விளையாடும் புல்வெளி. மழை பெய்தால் முழங்காலுக்கும் கீழே தண்ணி நிற்கும், பிறகு வடிந்துவிடும். கரையைச் செங்குத்தாகக் கட்டாமல் ஒன்றுக்கு நாலு என்ற சரிவில் விட்டால் புல் வெட்டும் இயந்திரமும் இறங்கும், பாட்டிமார்களும் தடுமாற மாட்டாங்க. சரிவுக்கு இடம் போகும் என்பதால் தரையைக் கொஞ்சம் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தாழ்ந்த புல்தரையின் கடைசியில் ஒரு சின்னத் தொட்டி, அதில் ஒரு துளை. வளாகத்தின் தண்ணி முழுவதும் இந்தத் துளை வழியாகத்தான் லொங்காங்குக்குப் போக வேண்டும். திட்டத்தின் மூளை இந்தத் துளைதான். விநாடிக்கு 44 லிட்டருக்கு மேல் போகாமல் இருக்க, நிரம்பிய தண்ணி துளையின் மையத்திலிருந்து அரை மீட்டர் உயரத்தில் நிற்பதாக வைத்தால், துளையின் குறுக்களவு சுமார் 17 சென்டிமீட்டர் வரும். யாராவது "ஏன்டா இவ்வளவு சின்ன ஓட்டை? தண்ணி நிக்குதே!" என்று கடப்பாரையால் பெரிதாக்கிவிட்டால் எல்லாம் வீண். தண்ணி நிற்பதுதான் அதன் வேலை என்று பக்கத்திலேயே ஒரு பலகை வையுங்கள். தமிழில் மட்டும் இல்லை, மலாயிலும்.

இன்னொன்று. நாம் போட்ட கணக்கு பத்து நிமிட மழைக்கு. அதைவிடப் பெரிய மழையும் நீண்ட மழையும் வரும். நிரம்பி வழிந்தால் தண்ணி எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் தண்ணியே முடிவு செய்துகொள்ளும். கரையின் ஓரிடத்தில் கொஞ்சம் தாழ்த்தி, கல் பதித்து, அங்கிருந்து சாலையை நோக்கி வழி விடுங்கள். அண்டை வீட்டுச் சுவரை நோக்கியும் கூடாது, கருவறையை நோக்கியும் கூடாது. இதைக் காகிதத்தில் வரைவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், துளையைவிட இதுதான் முக்கியம்.

புல்வெளிக்குத் தண்ணி வரும் பாதைகளை லொங்காங்காகக் கட்டாமல், அகலமான ஆழம் குறைந்த புல் வாய்க்காலாக வைக்கலாம். 200 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கினால் போதும். தண்ணி புல்லை உரசிக்கொண்டு மெதுவாகப் போகும்போது மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் அங்கேயே தங்கும். கார் நிறுத்தும் இடத்துக்குப் புல் வளரும் ஓட்டைக் கற்கள் போடலாம். சிவப்பு நிற இன்டர்லாக் கல்லும் தண்ணியை விடும் என்று சில பேர் சொல்வாங்க. அடியில் காங்கிரீட் தளம் போட்டு அதன்மேல் அந்தக் கல்லைப் பதித்தால் அதுவும் சிமெண்ட் மாதிரிதான். கல்லைப் பார்த்து ஏமாற வேண்டாம், கல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

மண்டபக் கூரைத் தண்ணியைச் சேர்த்து வைப்பது நல்ல பழக்கம். 300 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 6,000 லிட்டருக்குமேல் கிடைக்கும். தரை கழுவ, செடிக்கு ஊற்ற, திருவிழா முடிந்து வளாகம் அலம்ப அதுவே போதும். கூரைத் தூசியோடு வருகிற முதல் தண்ணியை ஒதுக்கிவிட வேண்டும், குடிக்கவோ சமைக்கவோ கூடாது. ஆனால் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். "எங்க கோவில்ல 5,000 லிட்டர் மழைத் தொட்டி இருக்கு, அதனால வெள்ளக் கணக்குல 5,000 லிட்டர் கழிச்சுக்கலாம்" என்று சொல்வது சரியில்லை. சேமிப்புத் தொட்டி நிரம்பியிருந்தால்தான் நமக்குப் பயன். வெள்ளத் தடுப்புத் தொட்டி காலியாக இருந்தால்தான் பயன். நேற்றைய மழையில் நிரம்பிய தொட்டி இன்றைய மழைக்கு எதுவும் செய்யாது. இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள்.

தமிழ்நாட்டுக் கோவில் குளங்களை இங்கே சில பேர் எடுத்துக்காட்டுவார்கள். மதுரை வண்டியூர் தெப்பக்குளம் வைகையோடு கால்வாயால் இணைக்கப்பட்டது. அங்கே வருஷத்தில் பல மாதம் வறட்சி, அதனால் தண்ணியைப் பிடித்து வைத்து நிலத்தடி நீரைக் காப்பாற்றுவது முதல் தேவை. நமக்கு வருஷம் முழுக்க மழை. நம் முதல் தேவை வேகத்தைக் குறைப்பது. குளம் வெட்ட ஆசையிருந்தால் வெட்டலாம், ஆனால் நிரந்தரத் தண்ணிக்கு மேலே வெள்ளத்துக்கென்று காலி உயரம் விட வேண்டும்.

எங்கே செய்யக் கூடாது

நம் கோவில்கள் பல குன்றின் அடிவாரத்திலும் சரிவிலும் இருக்கின்றன. பழைய தோட்டங்களில் ரப்பர் மரங்களுக்கு நடுவே மேட்டு வரிசையில் குழி வெட்டி மழையைப் பிடித்து மண்ணைக் காத்தார்கள், தாத்தாமார்களைக் கேட்டால் சொல்வார்கள். அது மரவேர் பிடித்த நிலம். கட்டடமும் தாங்கு சுவரும் இருக்கிற சரிவு வேறு. அங்கே உறிஞ்சு குழி வெட்டித் தண்ணியை மண்ணுக்குள் இறக்கினால், ஈரமான மண் கனத்து, பலம் இழந்து, சுவரைத் தள்ளும். 1993 டிசம்பர் 11-இல் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தார்கள். பின்னால் இருந்த சரிவில் தண்ணி சரியாக வடியாததும் அதற்குக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. சரிவுப் பக்கம் தண்ணியை மண்ணுக்குள் விடாமல், மூடிய குழாயிலோ கட்டிய வாய்க்காலிலோ கீழே கொண்டுவந்து, சமதளத்தில்தான் தேக்க வேண்டும். தாங்கு சுவரில் இருக்கிற தண்ணி ஓட்டைகளை அழகுக்காகச் சிமெண்ட் பூசி அடைப்பதைப் பார்த்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

சமையல் கூடத்துத் தண்ணியும் மழை வாய்க்காலுக்கு வரக் கூடாது. நம் நாட்டில் மழை லொங்காங் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு. லொங்காங்கில் போவது நேராக ஆற்றுக்குப் போகிறது. அன்னதானம் முடிந்து அண்டா கழுவும் எண்ணெய்த் தண்ணி, கொழுப்பைப் பிடிக்கும் தொட்டி வழியாகக் கழிவுநீர்க் குழாய்க்குப் போக வேண்டும்.

கொசு பற்றிக் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான், டெங்கி நம் தாமான்களில் விளையாட்டு இல்லை. ஏடிஸ் முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். புல்தரை ஒரே நாளில் வடிந்துவிட்டால் கொசுவுக்கு அங்கே வேலை இல்லை. ஆபத்து புல்தரையில் இல்லை, துளைத் தொட்டியின் அடியில் வடியாமல் நிற்கும் நாலு விரல் தண்ணியில்தான். அதனால் தொட்டியின் அடித்தளத்தைத் துளையை நோக்கிச் சாய்வாக வைத்து, துளையின் அடிவிளிம்பைத் தரைமட்டத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். மழைச் சேமிப்புத் தொட்டிக்கு வலை மூடி கட்டாயம்.

இடம் போதாமல் நிலத்தடித் தொட்டி கட்ட வேண்டி வந்தால், ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லி வைக்கிறேன். அதைச் சுத்தம் செய்ய நம் இளைஞர்களை உள்ளே இறக்காதீர்கள், ஒருபோதும். மூடிய தொட்டியில் காற்று கெட்டிருக்கும். ஒருவன் மயங்கி விழுந்தால் தூக்கப் போன இன்னொருவனும் விழுவான். அதற்கென்று பயிற்சியும் கருவியும் உள்ள ஆட்களைத்தான் கூப்பிட வேண்டும்.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வந்தது போன்ற வெள்ளத்தை இந்தப் புல்தரை தடுத்திருக்காது. கிள்ளான் ஆற்றோரத் தாழ்நிலம், ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டியதாகச் சொன்ன நேரம். அதற்கு ஆறும் கரையும் நீரிறைப்பு இயந்திரமும் சேர்ந்த பெரிய திட்டம் வேண்டும். நாம் இங்கே பேசுவது, வருஷத்தில் பல தடவை மத்தியான மழையில் முழங்கால் அளவு தண்ணி ஏறும் தெருக்களைப் பற்றி. அது நம் கையில் இருக்கிற விஷயம்.

யாரிடம் போவது?

நாம் போட்டது பழகுவதற்கான கணக்கு. கட்டுவதற்கான கணக்கைப் பதிவு பெற்ற பொறியாளர் போட்டுக் கையெழுத்திட வேண்டும். அவர் பத்து நிமிடம், அரை மணி, ஒரு மணி என்று பல நேர அளவுகளுக்கும், உங்கள் ஊரின் மழைப் பதிவை வைத்தும் சரிபார்ப்பார். வடிகால் வரைபடம் நகராண்மைக் கழகத்துக்குப் போக வேண்டும், அவர்கள் கேட்டால் ஜே.பி.எஸ்.க்கும். பொறியாளரிடம் போகும்போது மழையில் எடுத்த படம், மட்டம் குறித்த தாள், குழிச் சோதனை முடிவு, இந்த மூன்றையும் கொண்டுபோங்கள். "ஐயா, மேம்படுத்துவதற்கு முன் எவ்வளவு ஓடியது, பின் எவ்வளவு ஓடும், வித்தியாசத்தை எங்கே பிடிக்கப் போறோம்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த கட்டடக் குழுவிடம் யாரும் லொங்காங்கை மட்டும் வரைந்து கொடுத்துவிட்டுப் போக முடியாது.

வேலை நடக்கும்போது மண் திறந்து கிடக்கும். முதல் மழையிலேயே செம்மண் கரைந்து லொங்காங்கை அடைத்துவிடும். அதனால் தாழ்ந்த மூலையில் சேற்றைப் பிடிக்கும் குழியை முதல் நாளே வெட்டிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்க வேண்டும். மேற்குக் கரையில் ஏப்ரல், மே, பிறகு அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் இடிமழை அதிகம். மண் வேலையை அதற்கு நடுவில் உள்ள மாதங்களில் முடிக்கப் பாருங்கள்.

கட்டி முடித்த பிறகு? துளைக்கு முன்னால் ஒரு கம்பி வலை இருக்கும். திருவிழா முடிந்த மறுநாள் அதில் வாழையிலை, பூமாலை, பிளாஸ்டிக் கப், எல்லாம் வந்து நிற்கும். அடைத்துக்கொண்டால் 44 லிட்டரும் போகாது. யார் பொறுப்பு என்று பெயர் எழுதவில்லை என்றால் யாரும் செய்ய மாட்டாங்க, நம்மை நமக்குத் தெரியாதா?

கிளைக் கூட்டத்தில் செய்து பார்க்க

உங்கள் கோவில் அல்லது மண்டப வளாகத்தின் நீள அகலத்தை அளந்து, கூரை, சிமெண்ட், புல் என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். கூரைக்கும் சிமெண்டுக்கும் 0.9, புல்லுக்கு 0.4 என்று வைத்து, 33 மில்லிமீட்டர் மழைக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்று கண்டுபிடியுங்கள். வாசல் லொங்காங்கின் அகலம், ஆழம் என்ன? அது போய்ச் சேரும் ஆற்றின் பெயர் என்ன? லொங்காங் வழியே நடந்து போய்ப் பாருங்கள், வழியில் எத்தனை இடத்தில் அடைத்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். கீழ் வரிசையில் எத்தனை வீடு, மழையில் யார் வீட்டில் தண்ணி ஏறுகிறது என்பதை அவங்களிடமே கதவைத் தட்டிக் கேளுங்கள். கம்பி வலையைச் சுத்தம் செய்யும் பன்னிரண்டு மாதத்துக்கான பெயர்ப் பட்டியலைக் கூட்டம் முடிவதற்குள் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். முதல் பெயர் கிளைத் தலைவருடையதாக இருக்கட்டும்.